எந்த நோய்க்காக?

"நாலு இருக்கோணும். ஆறு இருக்குது. மிச்சம் ரெண்டு எங்கிருந்து வந்துச்சு, அம்மணி?"

"எண்ணுனதுல தப்பு இருக்குமுங்க, சாமி."

"எண்ணுனது நானு."

அதற்கு மேல் அந்தப் பேச்சில் நுழைய வழியில்லை. அருணாச்சலம் மாத்திரை அட்டையைச் சாப்பாட்டு மேசையின் நடுவே, இட்லிப் பாத்திரத்துக்கும் சட்னிக் கிண்ணத்துக்கும் இடையில் வைத்தார். குளித்த ஈரம் காதோரம் சொட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமாலை, நெற்றி நிறையச் சந்தனம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, ஃபிரிஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த தாளின் அருகே போனார்.

அது அவர் கையால் கோடு கிழித்த தாள். கார்த்திகை ஒன்றிலிருந்து தை ஒன்று வரை தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் மூன்று கட்டங்கள்: காலை, மதியம், இரவு. மாத்திரை விழுங்கியதும் மருமகள் ராஜஸ்ரீ ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும்.

"நேத்து ரெண்டு வேளை டிக் அடிச்சிருக்கே. மாத்திரை அட்டையிலயே இருக்குது. டேட்டாவைத் திருத்தறதும் திருடறதும் ஒண்ணு. உன்ற வேலையே அதுதானே, உனக்கு நான் சொல்லோணுமா?"

"கால் வலிக்குதுங்க, சாமி. நாலு நாளா இடது கெண்டைக்கால்ல பிடிச்சு இழுக்குது. ஒரு நாள் விட்டுப் பாக்கலாம்னு..."

"விட்டுப் பாக்கறதா?" அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "ரத்தத்துல அந்த மருந்தோட அளவு ஒரே மட்டத்துல நிக்கோணும். நின்னாத்தான் தள்ளிப் போகும். கொறஞ்சா ரெண்டே நாள்ல உடைச்சுக்கிட்டு வந்துரும். வர்ற ஞாயித்துக்கெழமை இந்த ஹால்ல படி பூஜை. அறுபது பேரு வர்றாங்க. நீ விட்டுப் பாக்கறியா?"

சமையலறையிலிருந்து மாமியார் மல்லிகாவின் குரல் மட்டும் வந்தது. "கால்வலிக்குச் சாயங்காலம் தைலம் தேச்சு உடறேன். மொதல்ல மாத்திரையைப் போடு சாமி."

மாலை போட்ட வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் சாமி. கணவன் சபரியும் இப்போது அவளுக்குச் சாமிதான். அந்தச் சாமி செருப்பில்லாத காலை மேசைக்கடியில் நீட்டியபடி மூன்றாவது இட்லியில் இருந்தான். நிமிராமல், "ஒண்ணும் ஆகாது. போட்டுக்க," என்றான்.

ராஜஸ்ரீ மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அருணாச்சலம் அவள் தொண்டை அசைவதைப் பார்த்திருந்துவிட்டு, முப்பத்தோராம் நாளின் காலைக் கட்டத்தில் தானே டிக் அடித்தார்.

மாலை போட்ட ஆண் இருக்கும் வீட்டில் மாதவிலக்கான பெண் இருக்கக் கூடாது என்பது வழக்கம். கோயம்புத்தூரில் என்றால் அந்த நாட்களுக்கு அக்கா வீடு, சித்தி வீடு என்று போய்விடலாம். புனேயில், மகர்பட்டாவில், ஏழாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீட்டில் இருப்பவள் எங்கே போவாள்? தங்களுடைய தமிழ்க் கூட்டத்தில் இந்தக் கேள்விக்கு முதலில் விடை கண்டவர் அருணாச்சலம். பெண் வெளியே போக வேண்டாம். விலக்கே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்குத்தான் மாத்திரை இருக்கிறதே.

அவர் மூடநம்பிக்கைக்காரர் அல்ல. அப்படிச் சொன்னால் அவருக்கு வரும் கோபத்தில் நியாயம் உண்டு. முப்பத்திரண்டு வருடம் ஆராய்ச்சிக் கூடமொன்றில் ரசாயனம் பார்த்தவர். சபரியின் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கவில்லை. பெண்ணின் ரத்த வகையைத்தான் கேட்டார். கிரகணத்தன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கறுப்புக் கண்ணாடி கொடுத்து வானத்தைக் காட்டினார். தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் அவர் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு: 'தீட்டுக்கு விடைகொடுத்த விஞ்ஞானம்.'

அந்தக் கட்டுரையில் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தார். மாதம் மூன்று நாள் அவள் மாட்டுக் கொட்டகையில் கிடந்ததையும், ஆறு வயதுப் பையனாக அவர் சோற்றுத் தட்டைக் குச்சியால் தள்ளிவிட்டதையும், ஒரு மழை நாளில் கொட்டகை ஒழுகி அவள் விடியவிடிய நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து அழுததையும் எழுதியிருந்தார். அழுதது உண்மை. ஆனால் கொட்டகை எதற்கு என்று அந்தப் பையன் கேட்கவில்லை. படித்தான், பட்டம் வாங்கினான், ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனான். கேட்காமலே வளர்ந்து, கடைசியில் கொட்டகையை ஒரு வெள்ளை மாத்திரைக்குள் அடக்கிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

சங்கத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வருடமே பதினோரு வீடுகளில் ஃபிரிஜ் கதவில் தாள் தொங்கியது.

ராஜஸ்ரீக்கு இது இரண்டாவது வருடம். போன வருடம் கல்யாணமான புதிது. ஐம்பத்தெட்டு நாள் விழுங்கினாள். முகம் வீங்கியது, மார்பு கனத்தது, காரணமில்லாமல் குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். "புது ஊரு, குளிர் ஒத்துக்கல," என்றான் சபரி. குடும்ப டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்தது மாமனார். சீட்டில் 'ஒழுங்கற்ற மாதவிலக்கு' என்றிருந்தது. கடிகாரம் மாதிரி இருபத்தெட்டாம் நாள் வந்துகொண்டிருந்த ஒன்றுக்கு அந்தப் பெயர்.

*

அவள் வேலை பார்த்த அலுவலகம் பக்கத்துக் கட்டடம்தான். மருந்து சாப்பிட்டு உலகத்தில் எங்காவது யாருக்காவது ஏதாவது ஆனால், அந்த ஊர் டாக்டர் எழுதியனுப்பும் சேதி கடைசியில் இங்கே வந்து சேரும். படித்து, சரிபார்த்து, படிவத்தில் ஏற்றுவது இவர்கள் வேலை. நோயாளியின் பெயர் வராது. இரண்டு எழுத்து, வயது, நாடு. என்ன மருந்து, எத்தனை நாள், எந்த நோய்க்காக, என்ன ஆயிற்று.

ராஜஸ்ரீக்கு ஒரு கெட்ட பழக்கம். அந்த இரண்டு எழுத்துகளுக்கு ஆள் உண்டாக்கிவிடுவாள். அன்று காலை வந்தது கே.எல்., முப்பத்தொன்று, டென்மார்க். உடனே ஒரு குறுகலான தெரு, சைக்கிள், கைப்பிடியில் மாட்டிய ரொட்டிப் பை, ஈரமான செங்கல் சுவர். கே.எல். சைக்கிளை நிறுத்திவிட்டு இடது காலை ஊன்றுகிறாள், முகம் சுளிக்கிறாள். இடது கெண்டைக்காலில் வலி, வீக்கம், நான்கு நாட்களாக. மருந்தின் பெயரைப் பார்த்தபோது ராஜஸ்ரீயின் கை விசைப்பலகை மேல் நின்றது.

எந்த நோய்க்காக: மாதவிலக்கின்போது தாங்க முடியாத வலி.

கே.எல்.லுக்கு ஒரு காரணமாவது இருந்தது.

"என்னா ராஜஸ்ரீ, ஸ்கிரீன்ல படம் ஓடுதா?" பின்னால் டோரீன் நின்றிருந்தாள். இவர்களின் குழுத் தலைவி. தாத்தா காலத்திலிருந்து புனேயின் பழைய ராணுவக் குடியிருப்பான கேம்ப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். நாற்பத்தைந்து வயது, பெரிய குரல். "அரே, ஏன் காலைத் தூக்கி டப்பா மேல வச்சிருக்க? மகாராணியா நீ?"

"வலிக்குது மேடம்."

"காமி."

ராஜஸ்ரீ சல்வாரை முழங்கால்வரை ஏற்றினாள். டோரீன் குனிந்து பார்த்தாள். வலது கால் கால் மாதிரி இருந்தது. இடது கால் வாழைத்தண்டு மாதிரி பளபளவென்று, சிவந்து, சூடாக. டோரீன் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்து, அப்படியே நின்றது.

"ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறியா?"

ராஜஸ்ரீ திரையில் கே.எல்.லின் மருந்துப் பெயரைக் காட்டினாள்.

"அடி பைத்தியமே! டெய்லி எட்டு மணி நேரம் இதையேதான டைப் அடிக்கிற? யாரோ வெள்ளைக்காரிக்கு வந்தா அர்ஜென்ட்னு செவப்புக் கொடி போடுற, உன் காலுக்குத் தைலமா? சல், எந்திரி. கீழ ரிக்‌ஷா நிக்குது. கம்ப்யூட்டர்லாம் அப்பறம் மூடலாம், எந்திரிடீ!"

காலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்திருக்கும் என்றார் பெண் டாக்டர். மராட்டிக்காரர். இந்தியில், அவசரமில்லாமல் சொன்னார். வயிற்றில் ஊசி போட்டார்கள். பிறகு கோப்பைத் திறந்து கேட்டார்:

"இந்த மாத்திரையை எதுக்குச் சாப்பிட்டீங்க?"

"வீட்டுல ரெண்டு பேரு மாலை போட்டிருக்காங்க."

"நான் கேட்டது நோய்."

"நோய் இல்லை டாக்டர்."

டாக்டர் பேனாவை நிறுத்தி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். அதிர்ச்சி இல்லை, சலிப்பு. "கணபதிக்கு, நவராத்திரிக்கு, நாத்தனார் கல்யாணத்துக்கு. மாசம் பத்துப் பேரைப் பாக்கறேன். ரெண்டு நாள் மூணு நாள் சாப்பிடுவாங்க. நீங்க எத்தனை நாள்?"

"இந்த வருசம் முப்பது. போன வருசம் அம்பத்தெட்டு."

அப்போதுதான் சபரி வந்தான். கறுப்புச் சட்டை, வெறுங்கால். ஆஸ்பத்திரித் தரையின் ஈரத்தில் கால் வைக்கத் தயங்கித் தயங்கி வந்தான். பயந்திருந்தான், அது பொய்யில்லை. அவள் கையைப் பிடிக்கக் கையை நீட்டினான். பிறகு விரதம் ஞாபகம் வந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"காரணம் ஏதாவது எழுதணும்," என்றார் டாக்டர் அவனிடம்.

"ஹெவி ப்ளீடிங்னு போட்டுருங்க டாக்டர். எங்க ஃபேமிலி டாக்டர் சீட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்."

"சபரி," என்றாள் ராஜஸ்ரீ. முப்பத்தோரு நாளில் முதல் முறையாக அவன் பெயர். "எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. போடாதீங்க."

"ஒரு வார்த்தைதானே. யாரு பாக்கப் போறா?"

டாக்டர் எழுதினார். வெளியே இன்னும் பதினேழு பேர் காத்திருந்தார்கள். எழுதி முடித்துக் கோப்பை மூடும்போது, "இந்த மாத்திரை இனி உங்க ஆயுசுக்கும் கூடாது," என்று ராஜஸ்ரீயிடம் மட்டும் சொன்னார்.

மறுநாள் பார்க்க வந்த டோரீனிடம் அவள் ஆரஞ்சுப் பழம் கேட்கவில்லை. வெற்றுப் படிவம் ஒன்று கேட்டாள். தினமும் மற்றவர்களுக்காக நிரப்பும் அதே படிவம். மருந்து செய்த கம்பெனிக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்படி எழுதலாம் என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். படுத்தபடியே நிரப்பினாள். ஆர்.எஸ்., இருபத்தெட்டு, இந்தியா. எழுதும்போது டென்மார்க்கில் யாரோ ஒரு பெண் இந்த இரண்டு எழுத்துகளைப் பார்த்து ஒரு தெருவையும் ஒரு சைக்கிளையும் யோசிப்பாளா என்று தோன்றியது. யோசித்தாலும் ஃபிரிஜ் கதவு அவளுக்குத் தோன்றாது.

எட்டாவது கட்டம்: எந்த நோய்க்காக. அதை வெறுமையாக விட்டாள்.

*

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தாள். தினம் இரண்டு வேளை ஊசி, காலில் இறுக்கமான உறை. அருணாச்சலம் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். காலை உயர்த்தி வைக்கச் சின்ன முக்காலியும் கொண்டுவந்து வைத்தார். மூன்று நாளாக இணையத்தில் படித்துக் குறிப்பெடுத்திருந்தார்.

"இது பத்தாயிரத்துல ஒருத்தருக்கு வர்றது, அம்மணி. நீ அந்த ஒருத்தியாப் போயிட்டே. அது கெட்ட நேரம். அதுக்கு மாத்திரையைக் குத்தம் சொல்ல முடியாது."

"கெட்ட நேரம்னு நீங்க சொல்றீங்களா, சாமி?"

அவர் சற்றே தடுமாறினார். "புள்ளிவிவரப்படி சொன்னேன்." பிறகு குரலைத் தணித்து, "அது எப்ப வரும்னு டாக்டர் சொன்னாங்களா?" என்று கேட்டார். அவர் கண் ஃபிரிஜ் கதவுத் தாளின் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் இருந்தது.

அது வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. ரத்தத்தை இளக்கும் ஊசியும் சேர்ந்துகொள்ள, எந்த மாதமும் இல்லாத மாதிரி வந்தது. டாக்டர் கோப்பில் முன்கூட்டி எழுதி வைத்த நோய் நான்கு நாள் கழித்து வந்து சேர்ந்துவிட்டது. ராஜஸ்ரீ குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் மல்லிகா வழியாகப் பூஜைப் பக்கம் போய்ப் பத்து நிமிடத்தில் தீர்மானமாகத் திரும்பி வந்தது. ஊரின் மறுகோடியில், கசார்வாடியில், சங்கத்து மகாதேவன் சாமியின் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் குடும்பத்தோடு பாலக்காடு போயிருக்கிறார். சாவி இருக்கிறது. காலையில் சபரி காரில் கொண்டுவிடுவான். மூன்று நாள்.

"தனியாவா?" என்று கேட்டாள் ராஜஸ்ரீ. "ஊசி யாரு போடுவாங்க?"

"பக்கத்துல கிளினிக் இருக்குது," என்றான் சபரி. "நடந்தே போயிடலாம்."

"எந்தக் காலுல?"

பக்கத்து அறையில் அருணாச்சலம் சரணம் சொல்லத் தொடங்கியிருந்தார்.

சனிக்கிழமை காலை மல்லிகா அவளுடைய பையில் துணி அடுக்கினாள். ஐம்பத்தாறு வயது. அந்த வீட்டில் அவள் எப்போதும் எதையாவது அடுக்கிக்கொண்டோ துருவிக்கொண்டோ இருப்பாள். இரண்டு நைட்டி, இரண்டு துண்டு, ஒரு போர்வை. போர்வையை நான்காக மடித்தவள் மடித்த கையோடு நின்றுவிட்டாள்.

"எனக்கு அப்ப முப்பத்தெட்டு வயசு," என்றாள், போர்வையிடம் சொல்வது மாதிரி. "மாத்திரை எனக்கும் ஒத்துக்கல. வாந்தி. உங்க மாமா கர்ப்பப்பையில கட்டி இருக்குதுன்னாரு. டாக்டரும் கட்டின்னு எழுதுனாங்க. எடுத்துப் போட்டாங்க. ஊர்ல எல்லாத்துக்கும் கட்டின்னுதான் சொன்னேன். நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

ராஜஸ்ரீ கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

"பத்து வருசம் கழிச்சு வீடு மாறும்போது ஃபைலு கையில கெடச்சுது. எடுத்ததை லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணுவாங்கல்ல, அந்த ரிப்போர்ட்டு. எனக்கும் இங்கிலீசு படிக்கத் தெரியுமே. நார்மல்னு போட்டிருந்துச்சு. ஒரு குறையும் இல்ல, நார்மல்னு. எடுத்து வெளிய வச்சுப் பாத்துட்டு எழுதியிருக்கறாங்க."

"மாமா கிட்ட கேட்டீங்களா, அத்தை?"

"என்னன்னு கேக்கறது? அதுக்கப்பறம் எனக்கு எல்லாப் பூஜைக்கும் முன்வரிசைதானே." மல்லிகா போர்வையைக் கட்டில்மேல் போட்டாள். "மலைக்குப் போறவங்க வீட்டம்மான்னா இப்படி இருக்கோணும்னு எல்லாரும் என்ற கால்ல உழுந்தாங்க. நானும் நின்னு ஆசீர்வாதம் பண்ணுனேன்."

"அந்தப் பேப்பரு?"

"பீரோல இருக்குது. பட்டுச் சேலைக்கு அடியில." அவள் அடுக்கிய நைட்டிகளை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து வெளியே எடுத்து அலமாரியில் பழைய இடத்தில் வைத்தாள். காலிப் பையைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளினாள். "பத்துத் தேங்கா துருவோணும். நாளைக்குப் பாயசம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். போகிற வழியில் ஹாலில் நின்று, "அவ போகல. நடக்க முடியாது," என்றாள். கொஞ்சமும் சத்தமில்லாமல்.

அருணாச்சலம் வாதாடவில்லை. நெருக்கடியில் மாற்று வழி காண்பது அவர் தொழில். அரை மணி நேரத்தில் கதவருகே வந்து, உள்ளே பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சரி. ரூமை விட்டு மட்டும் வரக்கூடாது. அட்டாச்டு பாத்ரூம் இருக்குது, டிவி இருக்குது. இதுக்கு மேல என்ன வேணும்? வர்றவங்க கிட்ட ஊருக்குப் போயிட்டான்னு சொல்லிக்கலாம். எங்கம்மாவுக்கு இதுல கால்வாசி கெடச்சிருந்தா..."

அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது.

மத்தியானம் டோரீன் வந்தாள். கையில் ஒரு டப்பா கேக், ஒரு உறை. ஹாலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த கறுப்பு வேட்டிகளைத் தாண்டி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"என்னா கூட்டம் பாபா! கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுல கூட இவ்ளோ அலம்பல் இல்ல." கட்டிலில் உட்கார்ந்து உறையை நீட்டினாள். "உன் கேஸ் போயிட்டு ரிட்டர்ன் வந்திருக்கு. எல்லாம் கரெக்ட்டா இருக்காம். ஒரு கட்டம் காலியாம்."

மருந்துக் கம்பெனியின் தாளில் மூன்றே வரி. ஆர்.எஸ். என்ற நோயாளி பற்றிய தங்கள் அறிக்கைக்கு நன்றி. எட்டாவது கட்டம் நிரப்பப்படவில்லை. மருந்து எந்த நோய்க்காக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை, எடுத்துக்கொள்ளச் சொன்னவரிடம் கேட்டுத் தெரிவிக்கவும். கீழே எழுதுவதற்கு ஒரு பெட்டி, கையெழுத்துக்கு ஒரு கோடு.

"நானும் நம்ம நோய்ப் பட்டியல்ல தேடிப் பாத்தேன்," என்றாள் டோரீன். "அறுபதாயிரம் பேரு இருக்கு. முதலை கடிச்சா அதுக்கு ஒரு பேரு இருக்கு. இதுக்கு இல்லடீ."

சிரிப்பு வரவில்லை இருவருக்கும். டோரீன் கேக்கை வெட்டினாள். "யாரு சொன்னாங்களோ அவங்ககிட்ட கேட்டு எழுது. சும்மா ஹெவி ப்ளீடிங்னு போட்டு அனுப்பின, நானே அழிச்சிருவேன், சொல்லிட்டேன்."

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. ஜமக்காளத்தில் ஆண்கள், சமையலறை வாசலில் பெண்கள். பதினெட்டுப் படிகளிலும் விளக்கு. கற்பூரப் புகை அறைக்கதவின் அடியிடுக்கு வழியாக உள்ளே வந்தது. ராஜஸ்ரீ கட்டிலில் காலை நீட்டி, ஹாலில் நடப்பதைக் காதால் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"மருமக எங்கீங்க சாமி?" யாரோ.

"ஊருக்குப் போயிருக்குது சாமி."

பிறகு பேச்சு. பூஜைக்கு முன் குருசாமியாக ஐந்து நிமிடம் பேசுவது அருணாச்சலத்தின் வழக்கம். "எத்தனை பேரு வீட்டுல இன்னும் பொம்பளைங்களை வெளிய அனுப்பறீங்க? கை தூக்குங்க சாமி. கூச்சப்பட வேண்டாம். இருபத்தொண்ணாம் நூற்றாண்டு. நம்ம வீட்டுல எந்தப் பொண்ணையும் நாம வெளிய அனுப்பறதில்ல. விஞ்ஞானம் அதுக்கு வழி குடுத்திருக்குது. எந்தப் பாதிப்பும் இல்லாத..."

ராஜஸ்ரீ எழுந்தாள்.

கதவு திறந்த சத்தத்தை முதலில் கவனித்தது சமையலறை வாசலில் இருந்த பெண்கள். பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. குளிக்காத முகம், கலைந்த பின்னல், நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டா, இடது காலில் தொடைவரை உறை. ஒரு கையால் சுவரைப் பிடித்து, மறு கையில் ஒரு தாளும் பேனாவுமாக வந்தாள். அந்தக் கோலத்தில் பெண்கள் எந்த நாளில் இருப்பார்கள் என்று அங்கிருந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜமக்காளத்தில் வழி தானாகப் பிரிந்தது. கறுப்பு வேட்டிகள் ஒதுங்கின. முன்வரிசையில் ஒருவர் மடியிலிருந்த பூத்தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

"ராஜி, உள்ள போ," என்றான் சபரி. எழுந்தான். அவளைத் தொட்டுத் தடுக்க வேண்டும், தொட முடியாது. இரண்டு கைகளையும் காற்றில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய், படிகளுக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்த மாமனார் முன் நின்றாள். தாளை அவர் எதிரிலிருந்த மணைப்பலகையில் வைத்தாள். குனிய முடியாமல் குனிந்து, பேனாவைத் தாள் மேல் வைத்தாள். சாமி என்று சொல்லவில்லை.

"மாமா, இது மருந்துக் கம்பெனிக்காரங்க அனுப்புனது. இந்த எட்டாவது கட்டம் காலியா இருக்குதாம். எனக்கு என்ன நோய்னு அவங்களுக்குத் தெரியோணுமாம். மாத்திரையைச் சாப்பிடச் சொன்னவங்ககிட்டயே கேட்டு எழுதச் சொல்லியிருக்கறாங்க. பொய் எழுதுனா அழிச்சிருவாங்க. நீங்கதான் எழுதித் தரோணும்."

அருணாச்சலம் தாளைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் கட்டங்களை நிரப்பிய மனிதர். பழக்கத்தில் கை பேனாவை எடுத்துவிட்டது. மூடியைக் கூடத் திறந்துவிட்டது. பேனா முனை கட்டத்துக்கு மேலே வந்து நின்றது. அறுபது பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

உள்ளே பீரோ திறந்து மூடும் சத்தமும் கேட்டது.

மல்லிகா வந்தாள். தேங்காய்ப்பூ ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, நான்காக மடித்து மடிப்பெல்லாம் பழுத்துப்போன ஒரு தாளைப் பிரித்தாள். மருமகள் வைத்த தாளுக்குப் பக்கத்தில், ஓரம் பார்த்து, நேராக வைத்தாள்.

"ஏனுங்க," என்றாள். "அப்படியே இதுலயும் எழுதிக் குடுத்துருங்க."